கீட்டோன் டப்பாவுக்கு ஒரு பாதுகாப்புச் சான்றிதழ்

இந்த வீட்டில் ஒரே ஒரு முடிவாவது நானாக எடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று தீர்மானித்தேன்.

கண்ணை மூடுவது என்றால் அன்று தூங்குவதைச் சொல்லவில்லை. ஆயுளைச் சொல்கிறேன். அவ்வளவு அவகாசம் வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தைரியம் வருகிறது.

ஐம்பதைத் தாண்டிய மனிதனுக்கு இப்படிப்பட்ட யோசனைகள் வரும். நான் யார், எதற்காக வந்தேன், எங்கே போகப்போகிறேன், வரவேற்பறை சோபாவுக்கு இந்த நிறத்தை யார் தேர்ந்தெடுத்தது. முதல் மூன்று கேள்விகளுக்கு ஞானிகளே விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். நாலாவதற்கு எனக்கு விடை தெரியும். சொல்லத்தான் முடியாது.

நான் லிஃப்ட் பரிசோதகர். இந்த ஊரில் மாடிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் என் கையெழுத்தை நம்பித்தான் போகிறார்கள். எட்டுப் பேர் ஏறலாம் என்று நான் சொன்னால் எட்டுப் பேர்தான். ஒன்பதாவதாக ஏறுகிறவர் அந்தக் கட்டடத்துக்கே சொந்தக்காரராக இருந்தாலும் இறங்கியாக வேண்டும். வெளியே என் அதிகாரம் இவ்வளவு. வீட்டுக்குள் நான் அந்த ஒன்பதாவது ஆள்.

என் மனைவி ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். முன்பெல்லாம் தொலைபேசியில் அவளே புகார் கேட்பாள். யாரிடமும் அவள் 'முடியாது' என்று சொன்னது கிடையாது. யாருக்கும் புது மெஷின் கிடைத்ததும் கிடையாது. கத்திக்கொண்டு வந்தவர்கள் பேசிக்கொண்டே போய், தப்பு தங்கள் பேரில்தான் என்று தாங்களே கண்டுபிடித்து, மன்னிப்புக் கேட்டு, அவளுக்கு நன்றியும் சொல்லிவிட்டு வைப்பார்கள். இந்தத் திறமைக்காகக் கம்பெனி அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்தது. இப்போது அவள் போனைத் தொடுவதில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மற்றப் பெண்கள் வாடிக்கையாளர்களிடம் பேசிய பதிவுகளைக் கேட்டு மார்க் போடுகிறாள்.

அவளுடைய ஆயுதம் ஒரே சொல். "சரிங்க." அதற்குப் பின்னாலேயே ஒரு வால் வரும். "ஒரே ஒரு சின்ன விஷயம்."

ஒருமுறை, மோட்டார் சைக்கிள் வாங்கப்போகிறேன் என்று அறிவித்தேன். "சரிங்க" என்றாள். "ஒரே ஒரு சின்ன விஷயம். உங்க முதுகுவலிக்குச் சாஞ்சுக்கற மாதிரி சீட் வருமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அடுத்த வாரம் நானே கடைக்குப் போய், நானே தேர்ந்தெடுத்து, முதுகுக்கு ஒரு தலையணை வாங்கி வந்தேன்.

இது என்ன மாதிரி வாழ்க்கை? நான் பொறுமைசாலியா, கோழையா? பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டுக்கும் வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இப்படி இருக்கும்போதுதான் என் மகள் என்னிடம் வந்தாள்.

மகளுக்குப் பதினாறு வயது. எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. ஓட்டம் என் வம்சத்திலிருந்து வந்திருக்க முடியாது. நாங்கள் ஒளிகிற ஜாதி. அன்று நான் பால்கனியில் உட்கார்ந்து வேலைக்கு எடுத்துப்போகும் டார்ச் விளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

"அம்மா குளிக்கிறா. இப்ப வந்துடுவா."

"அம்மாகிட்ட இல்லப்பா. உங்ககிட்ட."

நான் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். துணிக்கொடிதான் இருந்தது.

"என்கிட்டயா?"

"ஆமாம்பா. எங்க டீம்ல ரெண்டு பேர் கீட்டோன் பவுடர் குடிக்கறாங்க. குடிச்சுட்டு ஓடினா கடைசிச் சுத்துல மூச்சு வாங்காதாம். அடுத்த மாசம் டீம் செலக்‌ஷன் வருது. நானும் குடிக்கலாமா?"

கீட்டோன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாததைக் காட்டிக்கொள்ளவில்லை. அவளே சொன்னாள். உடம்பில் சர்க்கரை தீர்ந்துபோனால், ஈரல் கொழுப்பைக் கரைத்து வேறொரு எரிபொருள் தயார் பண்ணுமாம். அதுதான் கீட்டோன். பட்டினி கிடந்தால் உடம்பே இலவசமாகச் செய்துகொள்கிற பண்டத்தை, பட்டினி கிடக்காமலே டப்பாவில் அடைத்து விற்கிறார்கள்.

"குடி" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்கப்பா."

"யோசிச்சாச்சு."

"பாதுகாப்புதானே?"

"அப்பா சொல்றேன்ல."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்துக்காகத்தான் சொன்னேன் என்று எனக்கே தெரியும். ஒரு லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மொட்டை மாடி அறை வரைக்கும் ஏறி, கயிற்றைத் தடவி, பிரேக்கை முகர்ந்து பார்க்கிறவன் நான். என் சொந்தப் பெண்ணுக்கு, பால்கனியில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏன்? அவள் கேட்டாள். என்னைக் கேட்டாள். நாவறண்டவனிடம் தண்ணீர் வேண்டுமா என்றால், வடிகட்டினதா என்றா கேட்பான்?

மறுநாளே டப்பா வாங்கி வந்தேன். முன்பக்கத்தில் ஒரு மின்னலும், அதைக் கையால் பிடிக்கிற ஒரு பயில்வானும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும் என்று இருந்தது. பொடி எழுத்தைப் படித்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

சாப்பாட்டு மேஜையில் தொண்டையைச் செருமினேன்.

"ஒரு முடிவு எடுத்திருக்கேன்."

"சொல்லுங்க" என்றாள் மனைவி.

"நம்ம பொண்ணு இனிமே கீட்டோன் குடிப்பா."

"சரிங்க."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்."

"என்ன?"

"இது பாதுகாப்புன்னு யார் சொன்னது?"

"கம்பெனியே சொல்லுது."

"எங்க கம்பெனியும்தான் மெஷின் சத்தமே போடாதுன்னு சொல்லுது. போன மாசம் துணி பிழியும்போது கீழ் வீட்டுக்காரர் மேல வந்து, நிலநடுக்கமான்னு கேட்டாரே."

"ஆராய்ச்சியெல்லாம் பண்ணியிருக்காங்கம்மா. குடிச்சவங்களுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகல. கொஞ்சம் வயித்தைப் புரட்டும், அவ்வளவுதான்."

"யார் குடிச்சவங்க?"

"பெரும்பாலும் பெரியவங்க."

"இவ வயசுப் பிள்ளைங்க?"

"கொஞ்சம் பேரை வச்சுப் பாத்திருப்பாங்க."

"எத்தனை நாள்?"

"கொஞ்ச நாள்."

"கொஞ்சம் பேர், கொஞ்ச நாள். இவ எவ்வளவு நாள் குடிப்பா?"

"ஓடற வரைக்கும்."

"பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா பிள்ளைங்களுக்கும் ஆகாதாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நாற்காலியில் நிமிர்ந்தேன்.

"எட்டுப் பெரியவங்களைத் தாங்கற லிஃப்ட், எட்டுச் சின்னவங்களைத் தாங்காதா?"

என் வாழ்நாளில் நான் பேசிய சிறந்த வசனம் அது. மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பொட்டலம் பிரித்தபின் ரப்பர் பேண்டைத் தூக்கி எறியாமல், பின்னால் உதவும் என்று கதவுக் கைப்பிடியில் மாட்டி வைப்பாளே, அந்தப் பார்வை.

"நல்லாச் சொன்னீங்க" என்றாள். "ஒரு லிஃப்டை நீங்க எப்படிங்க பாஸ் பண்ணுவீங்க?"

"எல்லாத்தையும் பார்த்துட்டு, கடைசியா நானே ஏறி இறங்குவேன். கையெழுத்துப் போடறவன் முதல்ல ஏறணும். அதுதான் தொழில் தர்மம்."

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. கதவு மூடிவிட்டிருந்தது.

டப்பா மேஜைமேல் நகர்ந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"ஒரு வாரம் நீங்க ஏறி இறங்குங்க. அடுத்த வாரம் அவ ஏறட்டும்."

"நானா? நான் எதுக்கு? நான் ஓடவே மாட்டேனே."

"அதனாலதாங்க சொல்றேன். ஓடற ஆளை வச்சுச் சோதனை பண்ணலாமா?"

மகள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அப்பா, ப்ளீஸ்ப்பா."

எந்தத் தகப்பனால் இதற்குமேல் மறுக்க முடியும்?

மறுநாள் காலை ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டைச் சோதிக்கும் வேலை இருந்தது. துணைக்கு ஒரு படித்த மனிதரின் வார்த்தை இருந்தால் நல்லது என்று, குழந்தை நல மருத்துவர் ஏறும் வரைக்கும் லிஃப்டிலேயே காத்திருந்தேன். அவருக்கு நாலாவது மாடி. எனக்கு அதற்குள் பதில் வேண்டும்.

"டாக்டர், நல்லா இருக்கற ஒரு பதினாறு வயசுப் பொண்ணு கீட்டோன் பவுடர் குடிச்சா ஆபத்தா?"

"ஆபத்துன்னு அடிச்சுச் சொல்ல ஆதாரம் இல்ல."

என் மனம் குளிர்ந்தது. நாலாவது மாடி வந்தது. அவர் வெளியே போய், திரும்பி நின்று, "ஆனா ஆபத்து இல்லன்னு சொல்லவும் ஆதாரம்…" என்று ஆரம்பித்தார். கதவு மூடிக்கொண்டது. கதவு சீக்கிரம் மூடும்படி சற்றுமுன் திருத்தி வைத்தது நான்தான். மூடுகிற இடுக்கில், "தேவைதான்னு சொல்லவும்…" என்று ஏதோ கேட்டது. அறிவியலில் எனக்கு வேண்டிய பங்கு கிடைத்துவிட்டது. மீதியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

குடிக்க ஆரம்பித்தேன். அதன் ருசியைச் சொல்ல வேண்டும். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் பழைய பேட்டரியை ஊறப்போட்டு, அதற்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தின் புகைப்படத்தைக் காட்டி எடுத்தால் எப்படியிருக்கும், அப்படி. மனைவி எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில்கூட என்னை அவ்வளவு ஆர்வமாகப் பார்த்ததில்லை.

"எப்படி இருக்கு?"

"அமிர்தம்."

"கண்ணுல தண்ணி வருதே."

"ஆனந்தம்."

முதலிரண்டு நாள் வயிற்றுக்குள் யாரோ சாமான்களை இடம் மாற்றி வைக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான். மூன்றாவது நாள் ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் சோதனை. அங்கே குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்று ஒருவர். தன் கட்டடத்தின் லிஃப்டில் குறை இருக்க முடியாது என்ற நம்பிக்கையில், நானும் கூடவே வருவேன் என்று ஏறிக்கொண்டார்.

ஒரு சோதனை உண்டு. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டை நிறுத்தி, கரண்டைத் துண்டிக்க வேண்டும். பேட்டரி தானாகவே வேலைசெய்து, பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்க வேண்டும். மேலே இருந்த என் உதவியாளருக்குப் போன் பண்ணித் துண்டிக்கச் சொன்னேன். துண்டித்தார். லிஃப்ட் நின்றது. பேட்டரியும் நின்றது.

நிற்காதது ஒன்றே ஒன்று.

"என்ன சார் சத்தம்?" என்றார் செயலாளர். "கயிறா?"

"கயிறு இல்ல."

"மோட்டாரா?"

"மோட்டாரும் இல்ல."

"மேலேர்ந்து வருதா, கீழேர்ந்து வருதா?"

"நடுவுலேர்ந்து வருது சார்."

அவர் என்னைப் பார்த்தார். என் நெற்றி வியர்வையைப் பார்த்தார். மெல்ல எதிர்மூலைக்கு நகர்ந்தார். அந்த லிஃப்டில் எதிர்மூலை என்பது அதிக தூரமில்லை.

"நீங்க இதுல ரொம்ப அனுபவசாலின்னு சொன்னாங்களே" என்றார் நடுங்கிய குரலில்.

"இந்த அனுபவம் புதுசு சார்."

அடுத்த சில நிமிடங்களை நான் விவரிக்கப்போவதில்லை. மரியாதையுள்ள ஒரு மனிதன் வேறு பேன்ட் மாற்ற வேண்டிய நிலையில் வெளியே வந்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவசரகால மீட்பு மிகத் தாமதம், ஏற்க இயலாது என்று எழுதினேன். என் தொழிலில் இவ்வளவு மனமார ஒரு லிஃப்டையும் நான் ஃபெயில் பண்ணியதில்லை. செயலாளர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மூன்று படி தள்ளியே நின்று கையெழுத்துப் போட்டார்.

மத்தியானமே வீடு வந்துவிட்டேன். மனைவி ஆபீஸில், மகள் பயிற்சியில். சாயங்காலத்துக்குள் பேன்ட் துவைத்து, காய்ந்து, அலமாரியில் மடித்து இருக்க வேண்டும். அப்படியானால் சோதனை வெற்றி. முடிவு என் முடிவு.

வாஷிங் மெஷின் கம்பெனிக்காரியைக் கட்டியும் அன்றுவரை நான் அதைத் தொட்டதில்லை. முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது. பேன்டைத் திணித்தேன். சோப்பு எது என்று தெரியாமல், நுரை வரும் என்று படம் போட்டிருந்த பாட்டிலில் பாதியைக் கவிழ்த்தேன். அது பாத்திரம் துலக்கும் திரவம் என்பது பிறகு தெரிந்தது. படம் பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பேன்ட் தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. மெஷின் ஒரு தடவை விக்கி, சிவப்பு விளக்கால் கண்ணடித்து, கதவைப் பூட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

இழுத்தேன். தட்டினேன். கெஞ்சினேன். லிஃப்ட் கதவாக இருந்தால் சாவி போட்டுத் திறந்திருப்பேன்.

மெஷின் பக்கவாட்டில் கம்பெனியின் உதவி எண் இருந்தது. யோசித்தேன். மனைவி போனைத் தொட்டே வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த அறையில் எத்தனையோ பெண்கள். யார் எடுத்தாலும் அவள் எடுக்கப்போவதில்லை. பெயரை மாற்றிச் சொன்னால் தீர்ந்தது. இந்த மாதிரிக் கணக்குகளில் நான் புலி.

போன் அடித்தேன். முதலில் ஒரு பதிவுக் குரல். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். சேவையின் தரத்துக்காக இந்த உரையாடல்…" என்று ஏதோ நீட்டியது. ஒன்றாம் எண்ணை அழுத்தி அதன் வாயை அடைத்தேன். வீட்டில் செய்ய முடியாததை வெளியில் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது.

"வணக்கம், யார் பேசறீங்க?" இளம்பெண் குரல்.

எதிர்ச் சுவரில் ஒரு பல் ஆஸ்பத்திரி கொடுத்த காலண்டர் தொங்கியது.

"நான் ஒரு பல் டாக்டர்" என்றேன், குரலைத் தடிக்க வைத்து.

"சொல்லுங்க டாக்டர். மெஷின் நம்பர் சொல்றீங்களா? கதவோரமா இருக்கும்."

படித்தேன். அந்தப் பக்கம் அதைக் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"டாக்டர், இந்த மெஷின் உங்க பேர்லதான் இருக்கா?"

"வீட்டுக்காரி பேர்ல."

"ஓ" என்றாள். பிறகு குரல் ஒருபடி கூடுதலாகக் கனிந்தது. "பரவாயில்ல டாக்டர். என்ன ஆச்சு? தயங்காம சொல்லுங்க."

தயங்காமல் சொல்லுங்கள். எத்தனை வருஷம் ஆயிற்று, ஒரு பெண் என்னிடம் இப்படிச் சொல்லி. மெஷினில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன்.

"ஒரு பேன்ட் உள்ள மாட்டிக்கிச்சும்மா."

"என்ன கறை டாக்டர்?"

"அது… சாப்பாட்டுச் சம்பந்தமான கறை."

"சிந்திட்டீங்களா?"

"கிட்டத்தட்ட."

"என்ன சாப்பிட்டீங்க?"

"கீட்டோன்னு ஒரு பவுடர். கலக்கிக் குடிச்சேன்."

"பல் டாக்டரே குடிச்சிருக்கீங்கன்னா நல்லதாத்தான் இருக்கும்."

"நல்லதான்னு தெரியலம்மா. நான் எனக்காகக் குடிக்கல. பொண்ணுக்காகக் குடிச்சேன்."

"ஐயோ, பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?"

"அவளுக்கென்ன, குதிரை மாதிரி இருக்கா."

"அப்ப அவங்களுக்கு எதுக்கு டாக்டர் அந்தப் பவுடர்?"

பின்னால் மெஷினுக்குள் நுரை உடைகிற சத்தம் கேட்டது.

"தெரியலம்மா" என்றேன். "அவ வந்து என்கிட்ட கேட்டா. இந்த வீட்டுல யாரும் என்கிட்ட எதுவும் கேட்டதில்ல. அதான் சரின்னுட்டேன். பாதுகாப்பா இல்லையான்னு எனக்கு ஒரு இழவும் தெரியாது. இப்ப போய்த் தெரியாதுன்னு சொன்னா, அவ இனிமே என்கிட்ட எதையும் கேக்க மாட்டா."

என் குரல் மெலிந்துவிட்டதைக் கவனிக்கவில்லை. பல் டாக்டர் எப்போதோ எழுந்து போய்விட்டார்.

"புரியுது டாக்டர்" என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எந்தப் பொத்தானை எந்தப் பொத்தானோடு சேர்த்து அழுத்துவது என்று சொன்னாள். தண்ணீர் வடிந்தது. கதவு திறந்தது. பேன்ட் கைக்கு வந்தது. கறை முக்கால்வாசி போயிருந்தது. பால்கனி வெயிலில் காயவைத்து, மடித்து, மற்ற பேன்ட்டுகளுக்கு அடியில் செருகிவிட்டேன்.

அதற்குப் பின் மீதி நாட்களில் குளியலறைத் தொட்டிக்குத்தான் கீட்டோன் கொடுத்தேன். தொட்டி ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் மனம் சும்மா இருக்கவில்லை. பெரியவர்களைத் தாங்குவது சின்னவர்களைத் தாங்கும் என்று வசனம் பேசினேன். பெரியவனையே தாங்காததை என்ன செய்வது? என் வயிறு ஐம்பது வருஷத்துப் பழைய வயிறு, அவளுடையது புதுசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதுசு என்றால் தைரியம் வர வேண்டும். எனக்கு ஏனோ பயம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் என் முதல் முடிவு செத்துவிடும். சொல்லாவிட்டால் அவள் குடிப்பாள். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு தகப்பனுக்கு எது கனம் என்று தெரிய இத்தனை நேரம் பிடிக்கலாமா? பிடித்தது.

வாரம் முடிந்தது. அதே மேஜை.

"சோதனை முடிஞ்சுதாங்க?" என்றாள் மனைவி.

"முடிஞ்சுது."

"எப்படி?"

"வெண்ணெய்."

"வயிறு?"

"வயிறுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல."

"சரிங்க."

எழுந்து போய் மகளின் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தாள். டப்பாவைத் திறந்தாள். ஒரு கரண்டி போட்டாள். மூடிக் குலுக்கினாள். மகளிடம் நீட்டினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவனுக்கு ஏன் அந்தப் பாட்டிலைத் தட்டிவிடத் தோன்ற வேண்டும்?

"ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றாள்.

"அதான் பாஸ்னு சொல்லிட்டேனே."

"பவுடர் பத்தி இல்லங்க. லிஃப்ட் பத்தி. எங்க ஆபீஸ்ல ஒருத்தி கேட்டா. அவ குடியிருக்கற கட்டடத்துல முதல் மாடிக்கு ஒரு மழலையர் பள்ளிக்கூடம் வருதாம். லிஃப்ட்ல ஒரு வாரம் பெரியவங்களை ஏத்தி இறக்கிப் பார்த்தாங்களாம். ஒண்ணும் ஆகலையாம். குழந்தைங்களை ஏத்தலாம்னு ஒரு பரிசோதகர் கையெழுத்துப் போட்டுட்டாராம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தொழிலைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் நான் வேறு ஆள்.

"எந்த மடையன் அவன்?"

"யாரோ ஒருத்தர். ஏன், தப்பா?"

"குழந்தைன்னா என்ன, சின்ன அளவுல தச்ச பெரியவங்களா? பெரியவங்க ஏறினா நிப்பாங்க. குழந்தை குதிக்கும். கதவு சென்சாரைப் பெரியவங்க உயரத்துக்கு வச்சிருப்பான். சின்னக் கை அதுக்குக் கீழ போகும். கதவுக்கு அப்படி ஒரு கை இருக்கறதே தெரியாது."

"ஆனா ஒரு வாரம் ஒண்ணும் ஆகலையேங்க."

"ஒரு வாரம் பார்த்தா ஒரு வாரத்துக்குத்தான் தெரியும். கயிறு தேயறது எப்பத் தெரியும்? வருஷக்கணக்கு ஆகும். ஒண்ணும் ஆகலங்கறது வேற, பாதுகாப்புங்கறது வேற. உத்துப் பாக்காத வரைக்கும் எல்லா லிஃப்டும் ஒண்ணும் ஆகாத லிஃப்டுதான்."

"அப்ப ஆபத்துன்னு சொல்றீங்களா?"

"அப்படியும் சொல்லல. தெரியலன்னு சொல்றேன். தெரியாததுக்குக் கையெழுத்துப் போடறவன் பரிசோதகனே இல்ல."

"பாவம், குழந்தைங்க சீக்கிரமா மாடிக்குப் போகணும்னு ஆசைப்படுதாம்."

"நல்லாக் கால் இருக்கற பிள்ளைங்களுக்கு முதல் மாடிக்கு லிஃப்ட் எதுக்கு?" என்று மேஜையைத் தட்டினேன். "படியில ஓடட்டும்."

ஒரு வாரத்துக்கு முன்னால் என் வசனத்துக்குப் பிறகு பார்த்த அதே பார்வையை மனைவி மறுபடி பார்த்தாள். எங்கேயோ ஒரு ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி இருந்தது.

மகள் பாட்டிலை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல இறக்கினாள். எழுந்துபோய் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"புரிஞ்சுதுப்பா" என்றாள்.

"நான் லிஃப்டைச் சொன்னேன்."

"தெரியும்பா."

"உனக்குக் கோபம் இல்லையே?"

"இல்லப்பா. எனக்கே கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. முதல்ல அம்மாகிட்டதான் கேட்டேன். அவங்கதான் சொன்னாங்க, போய் அப்பாவைக் கேளு, பாதுகாப்புன்னா அவர் ஒருத்தர்தான் சரியாச் சொல்லுவார்னு. நீங்க உடனே சரின்னதும்தான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு." என் தோளை ஒருமுறை அழுத்தினாள். "டீம்ல அந்த ரெண்டு பேர்கிட்டயும் இந்த லிஃப்ட் விஷயத்தைச் சொல்றேன்." காலணியை மாட்டிக்கொண்டு படியில் ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

நான் உட்கார்ந்தே இருந்தேன். தோள் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. என்னதான் சுற்றி வளைத்து வந்தாலும், வந்து சேர்ந்தது என் வாயிலிருந்துதானே? காரணங்கள் என்னுடையவை. மேஜையைத் தட்டியதும் நான்தான். எப்படிப் பார்த்தாலும் இது என் முடிவு. இனிமேல் நிம்மதியாகக் கண்ணை மூடலாம்.

"நல்ல முடிவுங்க" என்றாள் மனைவி, டப்பாவைக் குப்பைக்கூடையில் போட்டபடி.

"யாருக்கும் ஒண்ணும் தெரியாம, தன்னந்தனியா யோசிச்சு எடுத்தது" என்றேன்.

"சரிங்க" என்றாள். சமையலறை வாசல்வரை போய் நின்று திரும்பினாள்.

"ஒரே ஒரு சின்ன விஷயம், பல் டாக்டர். பேன்ட்ல அந்தக் கறை முழுசாப் போச்சா?"